குடம், ஜன்னல், தாம்பாளம்

விழுப்புரத்தில் அந்தக் காலத்தில் கிடார் சுப்பராயலு என்றால் தெரியாதவர் கிடையாது. ரயில்வே காலனிக்குப் போகிற வழியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தானே, அவனேதான். பகலில் காக்கி அரைக்கால் சட்டையும் கிரீஸ் கையுமாகப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பான். கச்சேரி என்றால் ஆளே மாறிவிடுவான். காலோடு ஒட்டின பேண்ட், கறுப்புக் கண்ணாடி, எண்ணெய் தடவி நெற்றியில் சுருட்டிவிட்ட முடி, தோளில் தொங்குகிற சிவப்பு எலெக்ட்ரிக் கிடார். ஒரு காலை முன்னால் வைத்து, இடுப்பை லேசாக ஒடித்து, தலையை ஆட்டி ஆட்டி அவன் வாசிக்கிற அழகைப் பார்க்கவே மேல்மலையனூர் அமாவாசைக்குக் கூடுகிற மாதிரி ஜனம் கூடும்.

குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருஷமாக அவன் வாசித்தது ஒருவர் காதிலும் விழுந்ததில்லை. இந்த ரகசியம் தனக்கும் குழுத் தலைவர் அந்தோணிசாமிக்கும் மட்டும்தான் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அங்கேதான் ஏமாந்தான்.

கிடார் வந்த கதையே ஒரு கூத்து. காலனியில் குடியிருந்த எஞ்சின் டிரைவர் பெர்ரி துரை, குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப் போகிறவர், வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றார். அவருடைய பச்சை சைக்கிள்மேல் சுப்பராயலுவுக்கு நெடுநாளாக ஒரு கண். விடிந்ததும் விடியாததுமாக ஓடினான். சைக்கிளை முந்தின சாயங்காலமே யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வெறுங்கையோடு திரும்பினால் பெண்டாட்டி செண்பகம் சிரிப்பாளே என்று, சுவரோரம் கேட்பாரற்றுச் சாய்ந்திருந்த கிடாரை வாங்கிக்கொண்டு வந்தான். வீட்டில் வைத்து எண்ணிப் பார்த்தால் நாலே கம்பி. கிடாருக்கு ஆறு கம்பி என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தான். துரை இரண்டை உருவிக்கொண்டு நம் தலையில் கட்டிவிட்டாரே என்று மறுபடியும் காலனிக்கு ஓடினான். துரை அதற்குள் ரயிலேறிவிட்டார்.

"சக்கரம் கொறைஞ்ச சைக்கிளா இருந்தா வாங்குவீங்களா? கம்பி கொறைஞ்ச கிடாரை மட்டும் எப்டி வாங்கினு வந்தீங்க?" என்று செண்பகம் கேட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். கேள்வி கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்த அந்தோணிசாமிதான் விஷயத்தை விளக்கினார். ஜங்ஷன் பார்சல் ஆபீசில் குமாஸ்தா. ஓய்ந்த நேரத்தில் அக்கார்டியன் வாசிப்பார், ஜங்ஷன் மெல்லிசைக் குழு என்று ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்.

"கம்பி எதுவும் கொறையலப்பா. இது பேஸ் கிடாரு. பாட்டு மேல மேல போவும்போது கீழ நின்னு தாங்கறது இதுதான். இத்த மாட்டிக்கினு ஒரு ஆள் நின்னாப் போதும், நம்ம குழு மெட்ராஸ் குழு மாதிரி ஆயிடும். வர்றியா?"

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்களே."

"போவப் போவ வந்துடும்."

வல்லத்தில் முதல் கச்சேரி. சுப்பராயலு நடுங்கிக்கொண்டே போய், கை போன இடத்தில் கம்பியை இழுத்துக்கொண்டிருந்தான். கல்லடி விழும் என்று எதிர்பார்த்தான். விழுந்தது கைதட்டல். ஏன் என்று அவனுக்கே புரியவில்லை. காரணம் தென்னை மரத்தில் கட்டித் தொங்கியது. அந்தக் காலத்து மைக் செட்காரர்களிடம் இருந்ததெல்லாம் குழாய் ஸ்பீக்கர்தான். மூன்று ஊருக்குக் கேட்கும், ஆனால் உச்சத்தில் கத்துகிற குரல்தான் அதற்கு ஆகும். அடித்தொண்டைச் சத்தம் அதற்குள் நுழையவே நுழையாது. பேஸ் கிடாரை அதில் செருகினால் கம்பியில் விரல் படுகிற 'டிக் டிக்' மட்டும் வெளியே வரும், அதையும் டிரம்காரர் தின்றுவிடுவார். சுப்பராயலு தப்பாக வாசித்தாலும் சரியாக வாசித்தாலும் ஊருக்கு ஒன்றுதான்.

அந்தோணிசாமிக்கு இது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. நல்ல மனுஷர், மறைக்கவில்லை. "சுப்பராயலு, ஒன்னுது வெளிய வரல. அதனால கஷ்டப்பட்டு கத்துக்காத. நிக்கிறதுதான் முக்கியம், நல்லா நில்லு" என்றார். மறு வாரமே குழுவின் நோட்டீசில் 'எலெக்ட்ரிக் கிடார் உண்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்.

முதலில் சுப்பராயலுவுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு சுகமாக இருந்தது. பிறகு அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான். மூன்றாவது கம்பி அறுந்தபோது கடையிலிருந்த சைக்கிள் பின் பிரேக் ஒயரை எடுத்து மாட்டினான். யாருக்குத் தெரியப்போகிறது? பெட்டிக்கடைக்காரர் அவனுக்கு ஓசியில் கலர் சோடா கொடுத்தார், சலூனில் வரிசையைத் தாண்டி உட்காரச் சொன்னார்கள். இப்படி ஒரு வாழ்க்கை யாருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் அந்த வாழ்க்கைக்கு ஆபத்து வந்தது. திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி, வெற்றிலைப் பாக்குப் பையோடு வந்தது. செண்பகத்தின் தம்பி சின்னதுரை.

சின்னதுரை திண்டிவனத்தில் மைக் செட் வைத்திருந்தான். மாமனும் மச்சானும் ஒருவர் காலை ஒருவர் வாருவது உலக வழக்கம்தான், ஆனால் இவர்கள் இரண்டு பேரும் அதை ஒரு தொழிலாகவே வைத்திருந்தார்கள். ஒரு தடவை விழுப்புரத்துக்கு வந்த சின்னதுரை ஓட்டிப்பார்க்க ஒரு சைக்கிள் கேட்டான். சுப்பராயலு பளபளவென்று துடைத்து, பிரேக் இரண்டையும் கழற்றிவிட்டுக் கொடுத்தான். சின்னதுரை வேட்டி சட்டையோடு போய், தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்களுக்கு நடுவே குடங்களோடு குடமாக விழுந்தான். அதை அவன் மறக்கவில்லை. மறக்கிற ஜாதகமும் இல்லை.

"மாமா, ஜெயத்துக்கு மாசியில கல்யாணம்" என்றான். ஜெயம் அவர்கள் வீட்டுக் கடைக்குட்டி. "மொத நாள் சாயங்காலம் மாப்ள அழைப்பு முடிஞ்சதும் ஒங்க குழு கச்சேரிதான். அப்பாரே ஒத்துக்கினாரு."

"ஒங்கப்பாவா?" சுப்பராயலுவுக்கு நம்பமுடியவில்லை. மாமனார் முருகையன் ஏரிப்பாசனத்தில் நெல்லும் மேட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் வைக்கிற பெரிய குடித்தனக்காரர். மூத்த மாப்பிள்ளையைப் பற்றி யாராவது விசாரித்தால், "அவரா, காத்தடிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். இப்போது வருகிற புது மாப்பிள்ளைக்கோ சர்க்கார் உத்தியோகம்.

"அக்காதான் சொல்லி வெச்சிருக்குது. அந்தக் குழுவுக்கே எங்க ஊட்டுக்காருதான் தூணு, அவரு இல்லேன்னா பாட்டே நிக்காதுன்னு. ஒறவுக்காரங்க அத்தினி பேரும் ஒங்களைக் கேக்கத்தான் வர்றாங்க மாமா." சின்னதுரை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். முகத்தில் பால் குடித்த பூனையின் திருப்தி. "ஒங்களுக்காகவே மெட்ராஸ் போயி பெட்டி ஸ்பீக்கரு வாங்கியாந்திருக்கேன். மரப்பெட்டி. என் நெஞ்சு ஒசரம். அடிச் சத்தமெல்லாம் சும்மா கும்முகும்முன்னு வரும். அதுக்குத் தனி ஆம்ப்ளிபயர் மிஷினு. ஒங்க கிடாரு மட்டும்தான் அதுல."

"எதுக்கு மச்சான் இந்தப் பேஜாரு? குழாயே போதுமே."

"குழாயில ஒங்களது கேக்கலியே மாமா. ரெண்டு வருஷமா கேக்கல" என்று சொல்லிவிட்டு, சின்னதுரை கண்ணைச் சிமிட்டினான்.

அவன் பஸ் ஏறின பிறகு சுப்பராயலு வெகுநேரம் ஒரே டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குமிழி வந்துகொண்டே இருந்தது. திண்டிவனம் சத்திரத்தில், மாமனார் முன்னால், புது மாப்பிள்ளை முன்னால், தன்னைத் தூண் என்று சொல்லி வைத்திருக்கிற செண்பகத்தின் முன்னால் மானம் போகப்போகிறது. தன் மானம் போனால்கூடத் துடைத்துக்கொண்டு போய்விடலாம். அவள் பிறந்த வீட்டில் தலைகுனிந்து நிற்பாளே, அதை எப்படிப் பார்ப்பது?

மறுநாள் வலது கை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிட வந்தான்.

"இன்னா ஆச்சு?" என்றாள் செண்பகம்.

"செயின்ல மாட்டிக்கிச்சு. கச்சேரிக்கு ஆறாதுபோல."

அதற்கு மறுநாளும் அவள் சோறு போட்டாள். குழம்பை ஊற்றினாள். பிறகு சாவதானமாகச் சொன்னாள்: "நேத்து கட்டு வலது கையில இருந்துது. இன்னிக்கு எடது கையில இருக்குது. நாளைக்குக் கால்ல போட்டுக்குவீங்களா?"

சுப்பராயலு கட்டை அவிழ்த்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினான். வல்லத்துக் கச்சேரி, குழாய், பிரேக் ஒயர், எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது கண் கலங்கிவிட்டது. செண்பகம் திடுக்கிடுவாள் என்று நினைத்தான். அவள் கிண்ணத்தை வழித்துக்கொண்டே, "மாசிக்கு இன்னும் நாள் இருக்குதில்ல? கத்துக்குங்க" என்றாள்.

எங்கே போய்க் கற்றுக்கொள்வது? பெர்ரி துரை கடல் கடந்துவிட்டார். அந்தோணிசாமி எந்தக் கட்டையில், எந்தச் சுருதியில் பாட்டு இருக்கிறது என்று சொன்னார், கிடாரின் கழுத்தில் எந்தக் கட்டத்தில் விரல் வைக்கவேண்டும் என்று அவருக்கே நிச்சயமில்லை. மெட்ராசுக்குப் போகிற ரயில் கார்டு ஒருவரிடம் சொல்லி, உண்மையான மூன்றாவது கம்பி ஒன்றை மட்டும் வரவழைத்துக் கொடுத்தார். பிரேக் ஒயரைக் கழற்றிப்போட்டபோது சுப்பராயலுவுக்குத் திருட்டுச் சாமானைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

வாசித்தால் தனக்காவது கேட்கவேண்டுமே? அந்தக் கிடாருக்கு வயிறு கிடையாது, முழுக்கட்டை. மிஷின் இல்லாமல் வாசித்தால் கொசு பாடுகிற அளவுக்குத்தான் சத்தம். ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தவன், அலுத்துப்போய்க் கிடாரின் தலையை மர பீரோவில் சாய்த்தான். சாய்த்தபடியே தடித்த கம்பியை ஒரு இழுப்பு இழுத்தான்.

பீரோ உறுமியது. அந்த உறுமல் மரத்தில் ஏறி, கிடாரின் கட்டை வழியாகத் திரும்பி வந்து அவன் அடிவயிற்றில் இறங்கியது. சுப்பராயலு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான். இரண்டு வருஷம் தோளில் சுமந்த சாமானின் குரலை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறான். எவ்வளவு நல்ல குரல்! இதை வைத்துக்கொண்டா நாம் இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தோம் என்று அவனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. திரும்பத் திரும்ப அதே கம்பியை இழுத்தான்.

சற்று மேலே விரல் வைத்து இழுத்தபோது பீரோ மேலிருந்த பித்தளைக் குடம் 'ஙொய்' என்று சேர்ந்து பாடியது. இன்னும் மேலே போனால் குடம் வாயை மூடிக்கொண்டது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த கம்பியில் ஓர் இடத்தில் சீர்வரிசையில் வந்த தாம்பாளம் சிலிர்த்தது. சுப்பராயலு சுண்ணாம்பை எடுத்து அந்த இடங்களில் எல்லாம் பொட்டு வைத்தான். சுரத்துக்குப் பெயர் தெரியாத மனுஷன், என்ன செய்வான்? குடம், ஜன்னல், தாம்பாளம் என்று பெயர் வைத்தான்.

செண்பகம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ரேடியோவில் வருகிற பாட்டெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். குரல் கரகரப்பு, ஆனால் இடம் தவறாது. "நான் பாடறேன். நீங்க எது சேருதுன்னு பாருங்க" என்று வாசற்படியில் உட்கார்ந்து கேப்பையைப் புடைத்துக்கொண்டே பாடினாள்.

அப்படித்தான் கற்றுக்கொண்டான். அவள் பல்லவியை எடுப்பாள், இவன் குடத்தில் நிற்பான். அவள் இரண்டாவது அடிக்கு ஏறும்போது குடத்திலேயே நின்றால் பாட்டு முகம் சுளிக்கும். "மாத்துங்க, ஒத்தே வரல" என்பாள். தாம்பாளத்துக்குப் போவான். "ஊஹும்." ஜன்னலுக்குப் போவான். அவள் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டிக்கொண்டே பாடிப்போவாள், முறம் தானாகத் தாளம் போடும். அந்த இடம் வந்துவிட்டால் சுப்பராயலுவுக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். அவள் பாட்டைத் தான் கையில் ஏந்திக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும். கச்சேரியை மறந்து, மச்சானை மறந்து, பஞ்சர் ஒட்ட வந்தவர்களைக் கடை வாசலில் காக்கவைத்துவிட்டு வாசித்தான். விரலில் கொப்புளம் வந்தது, உடைந்தது, காய்த்துப்போயிற்று. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி, "ஒங்க ஊட்டுல மத்தியானமானா பாத்திரமெல்லாம் பேசுதே, மந்திரிச்சிப் பாக்கலியா?" என்று செண்பகத்தைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

ஒத்திகையில் புது வில்லங்கம். செண்பகம் பாடுகிற கட்டை வேறு, குழு வாசிக்கிற கட்டை வேறு. சுண்ணாம்புப் பொட்டெல்லாம் இடம் தப்பிப்போயிற்று. அந்தோணிசாமி, "ரெண்டு கட்டம் மேல தள்ளி வாசி" என்றார்.

"அப்ப குடம் எங்க போவும்?"

"எந்தக் குடம்?"

சுப்பராயலு விளக்கினான். அந்தோணிசாமி அக்கார்டியனை இறக்கிவைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "ஒன் குடத்தையும் ஜன்னலையும் அப்டியே தூக்கி ரெண்டு கட்டம் தள்ளி வெச்சிக்க. ஊடு மாறினா சாமான் மாறிடுமா?" என்றார். அது சுப்பராயலுவுக்குச் சட்டென்று பிடிபட்டது. அன்றிலிருந்து எந்தக் கட்டையில் பாடினாலும் குடித்தனத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவான்.

மாசி வந்தது. திண்டிவனம் சத்திரத்தில் மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, பன்னீர் தெளித்து, ஜனம் கால் வைக்க இடமில்லாமல் உட்கார்ந்துவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முன் வரிசையில் முருகையன், அவர் பக்கத்தில் மாலையோடு புது மாப்பிள்ளை. சத்திரத்து வாசலில் இரண்டு பக்கமும் குழாய். மேடைக்குக் கீழே, சரியாக முருகையன் முழங்காலுக்கு எதிரே, மச்சான் வைத்திருந்த மரப்பெட்டி. அதற்குப் பூப்போட்ட துணி வேறு சாத்தியிருந்தான்.

சுப்பராயலு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். இடுப்பை ஒடிக்கவில்லை. காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி நின்றான்.

முதல் பாட்டுக்கு முதல் இழுப்பு. பெட்டி கும்மென்று ஒரு மூச்சு விட்டது. முருகையன் மடியிலிருந்த வெற்றிலைத் தட்டில் பாக்கு குதித்தது. "ரோட்டுல லாரி போவுதா?" என்று அவர் திரும்பிப் பார்த்தார். சமையற்கட்டில் அடுக்கியிருந்த அண்டாக்கள் சன்னமாகக் கூடப் பாடின. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் சுப்பராயலுவுக்குப் பாதி பயம் போய்விட்டது. பாத்திரங்கள் அவனோடு பேசுகிற பாஷை அது.

முதல் பாட்டு தப்பில்லாமல் போயிற்று. இரண்டாவது பாட்டில் ஓர் இடத்தில் ஜன்னலுக்குப் போகாமல் குடத்திலேயே நின்றுவிட்டான். பெண்கள் பக்கத்திலிருந்து செண்பகத்தின் குரல், "ஜன்னல்! ஜன்னல்!" என்றது. அவள் பக்கத்தில் இருந்த அத்தை முனியம்மாள் பனி அடிக்கிறது என்று நினைத்து, எழுந்துபோய்ச் சத்திரத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். சுப்பராயலு இடத்தைப் பிடித்துக்கொண்டான்.

மிஷின்களுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த சின்னதுரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது, அந்த வருஷம் ஊரெல்லாம் முணுமுணுத்த ஒரு காதல் பாட்டு. குழுவின் பாடகர் ராஜாமணி நெஞ்சில் கை வைத்து எடுத்தார், ஜனம் தலையாட்ட ஆரம்பித்தது. சுப்பராயலு கண்ணை மூடிக்கொண்டான். குடம், குடம், ஜன்னல், தாம்பாளம், மறுபடி குடம். வாசற்படியில் கேப்பை புடைக்கிற முறம் அவன் கண்ணுக்குள் ஆடியது. அந்த நேரம் பார்த்து, சின்னதுரை கையை நீட்டிக் குழாய் மிஷினின் ஒயரைப் பிடுங்கினான்.

மைக் போனால் கை நிற்கவேண்டும் என்பது குழுக்களில் எழுதாத சட்டம். மைக் இல்லாமல் தொண்டையைக் கிழித்துக்கொள்ள யாருக்கும் விதியில்லை. ராஜாமணி நிறுத்தினார். அக்கார்டியன் நின்றது, டிரம்காரர் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் மைக் செட் பக்கம் திரும்பினார்கள். கண்ணை மூடியிருந்த ஒருவனுக்கு மட்டும் இது தெரியாது. பெட்டிக்குத்தான் தனி மிஷின் ஆயிற்றே, அது பாட்டுக்குக் கும்மிக்கொண்டிருந்தது.

சத்திரம் முழுக்க ஒற்றை பேஸ் கிடார். சுப்பராயலு கண்ணைத் திறந்தான். அத்தனை முகமும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. புது மாப்பிள்ளையின் தோழர்கள் கூட்டத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. "இது இன்னா பாட்டு? மாடு கத்தற மாதிரி இருக்குதே" என்றான் ஒருவன். முருகையனின் காது மடல் சிவந்தது. மிஷினுக்குப் பின்னால் சின்னதுரையின் பல் தெரிந்தது. குழாயடியில் விழுந்ததற்கு இப்போது கணக்குத் தீர்க்கிறான் என்று சுப்பராயலுவுக்குப் புரிந்துபோயிற்று.

நிறுத்தினால் தோற்றோம். வாசித்தாலும் என்ன? மேலே பாட்டு இல்லாமல் கீழே தாங்கி யாருக்கு என்ன லாபம்? இருந்தாலும் விரல் நிற்கவில்லை. குடத்தில் இரண்டு சுற்று சுற்றினான். பல்லவி திரும்ப வருகிற இடம் நெருங்கியது. வேறு வழி தெரியாமல், பீரோவில் சாய்த்து வாசித்த மாதிரியே நிதானமாக அந்த இடத்துக்கு வந்து நின்றான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கரகரத்த குரல் எழுந்தது. செண்பகம் எழுந்து நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பல்லவியைச் சரியாக அந்த இடத்தில் எடுத்தாள். இழுக்கவில்லை, தேடவில்லை. வீட்டு வாசற்படியில் எடுப்பது போலவே எடுத்தாள். சுப்பராயலு ஜன்னலுக்குப் போனான், அவள் இரண்டாவது அடிக்கு ஏறினாள். இரண்டும் பொருந்தி உட்கார்ந்தன.

கல்யாணப் பெண் ஜெயத்துக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவள் அக்காவோடு சேர்ந்து வாயசைத்தாள். முனியம்மாள் அத்தை சேர்ந்துகொண்டாள். நலங்குப் பாட்டும் நடவுப் பாட்டும் பாடிப் பழகின தொண்டைகளுக்கு மைக் எதற்கு? மூன்றாவது அடிக்குள் பெண்கள் பக்கம் முழுக்கப் பாடியது. அத்தனை குரலும் ஒரு கட்டையில் நின்றது என்று சொன்னால் பொய். ஆனால் யார் எங்கே போனாலும் திரும்பி வந்து மிதிக்க ஒரு தரை இருந்தது. அந்தத் தரையைச் சுப்பராயலு போட்டுக்கொண்டே போனான். ஆண்கள் பக்கம் தொடையில் தாளம் போட்டது. மாடு என்று சொன்னவனும் போட்டான். முருகையன் முன்னால் சாய்ந்து, பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எடுக்கவே இல்லை, பாட்டு முடிகிறவரை வைத்துக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும் சத்திரம் அதிர்ந்தது. சுப்பராயலு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. கண்ணைத் துடைக்கவேண்டியிருக்கும் என்பதால்.

முருகையன் பக்கத்து வரிசைக்குத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க மூத்த மாப்ள" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மறுநாள் முகூர்த்தத்தில் காற்றடிக்கிற பேச்சையும் எடுக்கவில்லை.

சின்னதுரை ஒயரைத் திரும்பச் செருகிவிட்டு மேடையோரம் வந்தான். "மாமா, ஒயரைப் புடுங்கனது நான்தான். ஆனா நானா புடுங்கல. சொன்ன ஆளு வேற" என்று சொல்லிவிட்டு, அடி விழுவதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டான்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து, விழுப்புரம் பாசஞ்சரில் இரண்டு பேரும் ஏறினார்கள். கிடாரை மேலே போட மனம் வராமல் சுப்பராயலு மடியில் கிடத்திக்கொண்டான். வண்டி திண்டிவனத்தை விட்டு நகர்ந்தது. வெளியே மல்லாட்டைக் கொல்லைகள் ஓடின. செண்பகம் பொட்டலத்தை அவிழ்த்து அதிரசம் எடுத்துக் கொடுத்தாள்.

"ஒன் தம்பி சொன்ன ஆளு யாரு?" என்றான்.

"நான்தான்." அவள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "பெட்டி வாங்கச் சொன்னதும் நான்தான். ரெண்டு வருஷமா எல்லாக் கச்சேரிக்கும் வந்துகினுதான் இருக்கேன். குழாய்க்கு நேர் கீழ போயி நின்னுகூடப் பாத்துட்டேன். ஒரு தபா கூட ஒங்களது காதுல விழல. ஊரே என் புருசன் வாசிக்கிறாருங்குது, எனக்கு மட்டும் கேக்க ஆசை இருக்காதா?"

சுப்பராயலு அதிரசத்தைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தான். ரகசியம் என்று இரண்டு வருஷம் பொத்தி வைத்திருந்ததை இவள் முதல் நாளே தெரிந்துவைத்திருக்கிறாள். ஒருத்தியாக இருந்து நெருப்பையும் வைத்து, அணைக்கத் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். கோபம் வரவேண்டிய இடத்தில் அவனுக்குச் சந்தோஷம்தான் வந்தது.

"பெட்டி சரி. ஒயரைப் புடுங்கச் சொன்னது எதுக்குடி?"

"அத்தினி பேரு வாசிக்கிறப்ப ஒங்களது எதுன்னு எப்டித் தெரியும்? தனியாக் கேக்கணும்னு இருந்துது."

வண்டி பாலத்தில் ஏறி இறங்கியது. மடியிலிருந்த கிடாரின் கம்பிகள் தானாகவே லேசாக முனகின. சுப்பராயலு அவற்றை உள்ளங்கையால் அமுக்கினான்.

"நான் தப்பா வாசிச்சிருந்தா இன்னா பண்ணியிருப்பே?"

செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"இன்னும் சத்தமாப் பாடியிருப்பேன்."